எஃப்6 எந்தத் தொடர்மாடி?

ஹரோ, லண்டன்
14.09.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் வீட்டுக்காரரும் சுகமா இருக்கக் கொச்சிக்கடை அந்தோனியாரும் பொன்னம்பலவாணேசரும் துணை நிக்கட்டும். ரெண்டு பேரையும் ஒரே வசனத்தில கேக்கிறதுக்குக் குறை நினையாதே. கொட்டாஞ்சேனைக்காரனுக்கு ரெண்டு பேரும் நடந்து போற தூரம், நான்தான் இஞ்ச இருந்து காரில ஒரு மணித்தியாலம் ஓடிக் கோயிலுக்குப் போறவன்.

வாட்ஸ்அப் இருக்கேக்கை என்னத்துக்குக் கடிதம் எண்டு கேப்பாய். குற்றவாளியே வாட்ஸ்அப்தான். குற்றவாளியிட்டயே முறைப்பாட்டைக் குடுக்க ஏலுமோ? அதோட நீ நான் அனுப்புற குரல் செய்தியை அரைவாசியில நிப்பாட்டிப்போட்டு, "ஓம் ஓம், கேட்டனான்" எண்டு சொல்லுற ஆள். கடிதமெண்டால் முழுக்க வாசிச்சுத்தான் ஆகவேணும்.

விசயம் இதுதான். 52 வயசில, வாழ்க்கையில முதல் தரமா, நான் ஒரு செஸ் போட்டியில விளையாடினன். சிரிக்காதே. பிள்ளையள் ரெண்டும் யூனிவேர்சிற்றிக்குப் போயிட்டுதுகள். வீட்டில நானும் மனிசியும் ரீவியும்தான். டொக்டர் ஏதாவது விளையாட்டில சேரச் சொன்னார். இருந்துகொண்டு விளையாடுற விளையாட்டு எது எண்டு யோசிச்சன், உன்ர ஞாபகம் வந்தது.

இஞ்ச உள்ளூர்ச் செஸ் போட்டிக்கு என்ன பேர் தெரியுமோ? காங்கிரஸ்! "சனி ஞாயிறு காங்கிரசுக்குப் போறன்" எண்டு மாமாவுக்குச் சொன்னன். ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின்ர காங்கிரசோ, தொண்டமானின்ர காங்கிரசோ எண்டு கேட்டார். அந்த வயசிலயும் மனிசனுக்குக் கட்சி ஞாபகம் போகேல்லை. 35 பவுண் கட்டிப் பதிஞ்சன். பலத்துக்குத் தக்கதாப் பிரிவுகள் இருக்கு. எனக்குத் தந்தது ஆகக் கீழ்ப் பிரிவு. அதுக்குப் பேர் மைனர். சங்கிலி போட்டுக்கொண்டு சில்க் சேட்டோட திரியவேண்டிய வயசில கிடைக்காத பட்டம், நரைச்ச பிறகு கிடைச்சிருக்கு.

வெள்ளி பின்னேரம் ஒண்டு, சனி ரெண்டு, ஞாயிறு ரெண்டு, மொத்தம் அஞ்சு சுற்று. ஆர் ஆரோட மோதுறது எண்டதுக்கு சுவிஸ் முறை எண்டு ஒண்டு வைச்சிருக்கினம். 1895 இல சூரிச்சில தொடங்கினதாம். வெண்டவன் வெண்டவனோட விளையாடுவான், தோத்தவன் தோத்தவனோட. அதால நீ தோக்கத் தோக்க உன்ர எதிராளி சின்னாளாகிக்கொண்டு போவான். இதை நான் உவமையாச் சொல்லேல்லை. கொஞ்சம் பொறு, விளங்கும்.

முதல் சுற்று

ஹோல் எண்டால் அப்பிடி ஒரு அமைதி. நூற்றுக்கு மேல ஆக்கள் குனிஞ்சுகொண்டு இருக்கினம், மூச்சு விடுற சத்தம் மட்டும்தான். நாங்கள் பழகின செஸ் அப்பிடியோ? ரெண்டு பேர் விளையாட ஆறு பேர் சொல்லிக்குடுப்பாங்கள்; ஏழாவது ஆள் வந்து, "ஆரிட்டடா முறை?" எண்டு கேட்டுக்கொண்டே ஒரு காயை நகர்த்திப்போட்டுப் போவான். இஞ்ச வாய் திறக்க ஏலாது. தொட்ட காயை ஆடவேணும். ஒவ்வொரு நகர்வையும் ஒரு தாளில எழுதவேணும். ஆடி முடிச்சு மணிக்கூட்டை அமத்தவேணும். எனக்கு எழுத ஞாபகம் வந்தால் அமத்த மறந்துபோகும், அமத்தினால் எழுத மறந்துபோகும்.

நடுவர் தொடங்க முதலே சொன்னவர், போனை முழுக்க நிப்பாட்டி வையுங்கோ, சத்தம் வந்தால் ஆட்டம் தோல்வி எண்டு. நான் நிப்பாட்டினதா நினைச்சன். ஏழே முக்கால் மணி. எட்டாவது நகர்வுக்கு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். என்ர கோட்டுப் பைக்குள்ள இருந்து கெட்டிமேளம் வெளிக்கிட்டுது.

மச்சான், அது ஆர் எண்டு நீயே சொல்லு. கொழும்பில நேரம் நள்ளிரவு 12.15. எடுத்துக் கேட்டால், "சும்மாதான் மச்சான், நித்திரை வரேல்லை" எண்டுறாய்.

நடுவர் வந்தார். மெத்தச் சோகமான முகத்தோட கையைக் குலுக்கினார். என்ர எதிராளி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஆள். பாவம், வெண்டதுக்கு வெக்கப்பட்டார். போகேக்கை, அது ஆற்றையோ கலியாண வாத்தியமோ எண்டு கேட்டார். ஓம், தாலி கட்டுற நேரத்தில அடிக்கிறது எண்டு விளங்கப்படுத்தினன். பொருத்தமாத்தான் இருந்தது எண்டார்.

ரெண்டாவது சுற்று

சனி காலை போனை வீட்டிலயே விட்டிட்டுப் போனன். என்ர மேசைக்கு முன்னால ஒரு பெட்டைக்குஞ்சு இருக்கு. எட்டு வயசிருக்கும். ரெட்டைப் பின்னல், சந்தனப் பொட்டு, கதிரைக்கு மேல ஒரு மெத்தை வைச்சு அதுக்கு மேல ஏத்தி விட்டிருக்கினம். கால் நிலத்தில முட்டேல்லை. பக்கத்தில ஒரு ஜூஸ் பெட்டி. எங்கட பிள்ளை எண்டு கண்டவுடன எனக்கு மனம் இளகிப்போச்சு. கெதியா வெல்லக் கூடாது, பிள்ளை அழும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் இருந்தன், சத்தியமா.

எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும். இஞ்ச ஹரோவில வளந்த போதனா சிவானந்தன் எண்ட பிள்ளை, திருச்சிக் குடும்பம், 2024 இல ஒன்பது வயசில புடாபெஸ்ற் ஒலிம்பியாட்டில இங்கிலாந்துக்கு விளையாடினவள். போன மாதம் லிவர்பூலில நடந்த பிரித்தானியச் சம்பியன் போட்டியில, பத்து வயசில, பீற்றர் வெல்ஸ் எண்ட கிராண்ட்மாஸ்ரரை விழுத்தினவள். அங்கால குகேஷ் பதினெட்டு வயசில உலகச் சம்பியன். இதுக்குப் பிறகு ஹரோவில வீணை, பரதநாட்டியம், ரியூசன் எல்லாத்தையும் முந்திக்கொண்டு செஸ் வகுப்பு நிக்குது. எங்கட சனம் ஒண்டைப் பிடிச்சால் விடுமோ?

பிள்ளைக்கு வெள்ளை. ராஜாவுக்கு முன்னால நிண்ட சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினாள், ஈ4. நானும் தள்ளினன், ஈ5. குதிரையை எஃப்3 இல வைச்சு என்ர சிப்பாயைப் பாத்தாள். இப்ப நான் என்ன ஆடுவன்? உலகத்தில மற்ற எல்லாரும் குதிரையைக் கொண்டந்து காப்பாத்துவினம். நான் எஃப்6 ஆடினன். நீ சொல்லித் தந்த எஃப்6. சிப்பாயைச் சிப்பாயால காப்பாத்து, வீட்டாளை வீட்டாள்தான் பாக்கவேணும் எண்டு சொல்லுவாயே, அந்த எஃப்6.

ஏன் ஆடினன் எண்டு சொல்லுறன். அது செஸ் விசயமில்லை.

உனக்கு ஞாபகமிருக்கோ, வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில அந்த லொட்ஜ்? ரயில் போகேக்கை பலகையில காயெல்லாம் தானா நகரும். ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" எண்டு ரெண்டு வருசத்தை ஓட்டினான். ஒரு அறையில ஏழு பேர், செய்யிறதுக்கு ஒரு வேலையுமில்லை. 1995 செப்டெம்பரில ஆனந்த் நியூயோர்க்கில 107 ஆம் மாடியில கஸ்பரோவோட மோதினதும் எங்களுக்கு விசர் பிடிச்சுது. முதல் எட்டு ஆட்டமும் சமன். ஒன்பதாவதை ஆனந்த் வெண்ட அண்டைக்கு நீ கொட்டாஞ்சேனையில இருந்து லட்டு வாங்கிக்கொண்டு வந்தனி. பத்தாவதில கஸ்பரோவ் திருப்பி அடிக்க, லட்டு முடிஞ்சிட்டுது. காசு சேர்த்துப் புறக்கோட்டையில வாங்கின பலகை. வாங்கி ஒரு மாதத்தில கறுப்புக் கோட்டை ஒண்டு காணாமல் போக, சித்தாலேப டப்பியைக் கோட்டையாக்கினம். ஆட்டம் நீண்டால் ஆராவது கோட்டையைத் திறந்து நெத்தியில பூசுவாங்கள்.

மத்திய வங்கிக் குண்டு வெடிச்சு ரெண்டு கிழமை இருக்கும், 1996 பெப்ரவரி. நீ கடைசி 101 பஸ்ஸைத் தவறவிட்டிட்டு எங்களோட தங்கின இரவு. ரெண்டு மணிக்குக் கதவில இடி. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, என்ன அலுவலா வந்தது, எல்லாம் கேட்டு முடிஞ்சு போகப்போறாங்கள். அப்பதான் ஒருத்தன்ர கையில அந்தக் கொப்பி அம்பிட்டுது, நாங்கள் ஆட்டங்களை எழுதி வைச்ச சி.ஆர். கொப்பி. பக்கம் பக்கமா ஈ4, ஈ5, எஃப்3, எஃப்6. பெரியவர் அதை ரோர்ச் வெளிச்சத்தில அஞ்சு நிமிசம் வாசிச்சார். பேந்து எஃப்6 இல விரலை வைச்சு உன்னைக் கேட்டார், "இது எந்தத் தொடர்மாடி?"

ஏழு பேருக்கும் நாக்கு ஒட்டிப்போச்சு. நீதான் சிங்களத்தில, "மாத்தயா, அது செஸ். விளையாடிக் காட்டுறன்" எண்டனி. விளையாடு எண்டார். விடியப்புறம் ரெண்டரை மணிக்கு, துவக்கோட நாலு பேர் சுத்தி நிக்க, கொப்பியில முதல் பக்கத்தில இருந்த ஆட்டத்தை நீயும் நானும் அப்பிடியே ஆடினம். நீ எஃப்6 ஆடேக்கை அவர் கொப்பியைப் பாத்தார், பலகையைப் பாத்தார், சரி எண்டு தலையாட்டினார். பன்னிரண்டாவது நகர்வில கொட்டாவி விட்டிட்டு, சித்தாலேப டப்பியைத் தூக்கி மணந்து பாத்து வைச்சிட்டுப் போயிட்டார். ஏழு பேரில ஒருத்தரும் அண்டைக்கு ஏத்துப்படேல்லை.

அப்பிடிப்பட்ட நகர்வை நான் லண்டன் வந்த உடன விட்டிடுவனோ?

இனி மூண்டாவது நகர்வுக்கு வா. ஒரு பலகையை எடுத்து வைச்சுக்கொண்டு வாசி. பிள்ளை குதிரையால என்ர ஈ5 சிப்பாயை வெட்டினாள். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை! பாவம், குழந்தை, காணேல்லைப் போல எண்டு நினைச்சு எஃப் சிப்பாயால குதிரையை வெட்டினன். வெட்டின கை இன்னும் மணிக்கூட்டுக்குப் போகேல்லை, ராணி எச்5 இல வந்து நிண்டு செக். ஜி6 இல சிப்பாயை வைச்சு மறைக்கலாம். மறைச்சால் ராணி ஈ5 சிப்பாயை வெட்டி, செக்கும் சொல்லி, மூலையில நிக்கிற கோட்டையையும் தூக்கும். அதால ராஜாவை ஈ7 க்கு எடுத்தன். ராணி ஈ5 ஐ வெட்டிச் செக். ராஜா எஃப்7. மந்திரி சி4, செக். ராஜா ஜி6. ராணி எஃப்5, செக். ராஜா எச்6. டி சிப்பாயைத் தள்ளினாள். தள்ளினது சிப்பாய், செக் சொன்னது அதுக்குப் பின்னால நிண்ட மற்ற மந்திரி. 96 இல காலி வீதியால நாங்கள் பம்பலப்பிட்டிக்கு நடந்த மாதிரி, என்ர ராஜாவுக்குச் சந்திக்குச் சந்தி செக். அதில எங்களிட்ட அடையாள அட்டையாவது இருந்தது.

ஜி5 இல ஒரு சிப்பாயை வைச்சு மறைச்சன். எச்4 ஆடினாள். பின்வாங்கி ஜி7 க்கு ஓடினன். ராணி எஃப்7, செக். திரும்ப எச்6. எச் சிப்பாய் ஜி5 ஐ வெட்டிச்சுது. அதோட பின்னால கோட்டைக்கும் வழி திறந்திட்டுது. மேட். பதினோராவது நகர்வு. என்ர ராணி, ரெண்டு மந்திரி, ரெண்டு குதிரை, ரெண்டு கோட்டை எல்லாம் தொடங்கின இடத்தில அசையாமல் நிக்குதுகள். ராஜா மட்டும் ஊர் சுத்தினது.

பிள்ளை ஜூஸை உறிஞ்சி முடிச்சிட்டு, "சொறி அங்கிள்" எண்டாள்.

இஞ்ச ஆட்டம் முடிஞ்ச பிறகு பக்கத்து அறையில இருந்து, எங்க பிழைச்சது எண்டு ரெண்டு பேருமாப் பாப்பினம். அதுக்கு இங்கிலீசில பிரேத பரிசோதனை எண்டுதான் பேர். அங்கதான் பிள்ளை எனக்குச் சொன்னாள், நீ கண்டுபிடிச்ச எஃப்6 க்கு ஏற்கெனவே பேர் இருக்காம். டமியானோ தடுப்பு. பேத்ரோ டமியானோ எண்டவர் ஒரு போர்த்துக்கேயர், மருந்துக்கடைக்காரர். போர்த்துக்கேயர் 1505 இல எங்கட கரைக்கு வந்தவங்கள் எல்லோ? ஏழு வருசம் கழிச்சு, 1512 இல, ரோமில இந்த மனிசன் ஒரு செஸ் புத்தகம் போட்டிருக்கு. அதில இந்த எஃப்6 ஐக் கூடாத ஆட்டம், ஆடாதேயுங்கோ எண்டு விளங்கப்படுத்தி எழுதியிருக்கு. அதுக்குப் பரிசா, அந்தக் கூடாத ஆட்டத்துக்கே சனம் அவரின்ர பேரை வைச்சிட்டுது! ஊரில கள்ளுக் குடிக்காதேயுங்கோ எண்டு சொல்லித் திரிஞ்ச சட்டம்பியாரின்ர பேரைத் தவறணைக்கு வைச்ச மாதிரி.

எஃப்6 இல என்ன பிழை எண்டும் பிள்ளை காட்டினாள். அந்தச் சிப்பாய்தான் ராஜாவின்ர வாசலில நிக்கிற காவல்காரன். முத்தத்து வாழையைப் பாக்க அவனை அனுப்பினால், வாசல் திறந்து கிடக்கும். அதோட குதிரைக்கு இருக்கவேண்டிய நல்ல கதிரையிலயும் அவன் போய் இருந்திடுறான். லொட்ஜில நாங்கள் வெண்டதெல்லாம் ஏன் எண்டு இப்பதான் விளங்குது. அங்க ஒருத்தனும் ஒரு சிப்பாய்க்காகக் குதிரையைக் குடுக்கத் துணியேல்லை. கையில இருக்கிறதை விடுற நிலைமையில ஆர் இருந்தது அப்ப?

வெளியில தாய் நிண்டவ. "அண்ணை ஊரில எவடம்?" எண்டு கேட்டா. தோத்த வெக்கத்தில வெள்ளவத்தை எண்டன். "நாங்களும் வெள்ளவத்தைதான், லொட்ஜில எட்டு மாதம் இருந்தனாங்கள்" எண்டா. லண்டனில தடக்கி விழுந்தால் வெள்ளவத்தை லொட்ஜில இருந்த ஒராளுக்கு மேலதான் விழவேணும்.

மூண்டு, நாலு, அஞ்சு

சனி பின்னேரம் மனிசியின்ர ஒண்டுவிட்ட அக்காவின்ர மகளின்ர சாமத்திய வீடு. போகாட்டில் வீட்டில மேட். முன்னமே எழுதிக் குடுத்தால், அந்தச் சுற்றுக்கு வராமலே அரைப் புள்ளி தருவினமாம். அதுக்குப் பேர் "பை". பை எண்டால் கையில ஏதோ தூக்கித் தரப்போறாங்கள் எண்டு நினைச்சன். பிள்ளையைக் குதிரை வண்டியில கொண்டு வந்திச்சினம். குதிரையைக் கண்டதும் எனக்குக் காலையில நடந்தது ஞாபகம் வந்து சோறு இறங்கேல்லை.

ஞாயிறு காலை ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. பிளாஸ்கில தேத்தண்ணி, தொப்பி, இருமல். அவர் ஆடினது "லண்டன் சிஸ்ரம்". 1922 இல லண்டனில நடந்த பெரிய போட்டியில பலர் ஆடினதால வந்த பேர். ராணியின்ர சிப்பாயைத் தள்ளி, மந்திரியை எஃப்4 இல வைச்சு, ஈ3, சி3 எண்டு ரெண்டு பக்கமும் சிப்பாய்ச் சுவர். எதிராளி என்ன ஆடினாலும் அதே வீடு, அதே மதில், அதே பூக்கண்டு. ஹரோ வீடுகளைப் பாத்தியெண்டால் விளங்கும், என்ர வீடெண்டு நினைச்சுப் பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்கப் போயிருக்கிறன்.

இந்தத் தொடக்க ஆட்டப் பேருகளில எனக்கு ஒரு மனக்குறை இருக்கு. சிசிலியனுக்கு இருக்கு, பிரெஞ்சுக்காரனுக்கு இருக்கு, ஒல்லாந்தனுக்கு இருக்கு, ஸ்கொட்லாந்துக்கு இருக்கு. "இந்தியத் தடுப்பு" எண்டு ஒரு பெரிய குடும்பமே இருக்கு. அதுவும் ஒரு உள்ளூர் மனிசன்ர உழைப்பு. 1850 களில கல்கத்தாவில கொக்ரேன் எண்ட வெள்ளைக்கார வக்கீலோட மகேஷ் சந்திர பானர்ஜி நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடினவர். எங்கட பழைய ஆட்டத்தில சிப்பாய்க்கு முதல் தரம் ரெண்டு கட்டம் போற உரிமை இல்லை எல்லோ? அந்தப் பழக்கத்தில அவர் சிப்பாயை ஒரு கட்டம் ஒரு கட்டமாத் தள்ளி, மந்திரியை ஓரத்தில ஒளிச்சு வைச்சு ஆடினார். அண்டைக்கு வெள்ளைக்காரருக்கு அது விநோதம். இண்டைக்கு உலகச் சம்பியன்கள் ஆடுறது அது. பானர்ஜியின்ர பேர் போய், "இந்தியன்" எண்ட பேர் மட்டும் நிண்டிட்டுது. சிலோன் எண்டு ஒண்டு என்ர கண்ணில இன்னும் படேல்லை. எஃப்6 க்குக் கொட்டாஞ்சேனைத் தடுப்பு எண்டு பேர் கேக்கலாம் எண்டிருந்தன். இப்ப வேண்டாம், ஊருக்குத்தான் மரியாதைக் கேடு.

தாத்தா என்னை மூண்டு மணித்தியாலம் மெல்ல மெல்லத் தின்றார். கடைசியில என்னட்ட ராஜா மட்டும், அவரிட்ட ராஜாவும் ராணியும். அந்த நேரம் மனிசனுக்கு இருமல் வந்து, ராணியை ஒரு கட்டம் மாறி வைச்சிட்டார். எனக்குச் செக்கும் இல்லை, நகர ஒரு கட்டமும் இல்லை. ஸ்ரேல்மேற், சமன்! விசாவும் குடுக்காமல், பிடிச்சு அனுப்பவும் ஏலாமல் வருசக்கணக்கா இருந்த எங்கட பெடியளின்ர கேசு. அந்த இருப்புக்கு அரைப் புள்ளி குடுக்கிறது செஸ் மட்டும்தான்.

கடைசிச் சுற்றுக்கு எதிராளி வரேல்லை. அரை மணித்தியாலம் வெறுங் கதிரையைப் பாத்துக்கொண்டு இருந்தன், முழுப் புள்ளி தந்திச்சினம். ஆக அஞ்சுக்கு ரெண்டு. அதில ஒண்டரைப் புள்ளி காயைத் தொடாமல் எடுத்தது. வீட்டில ரெண்டு புள்ளி எண்டு மட்டும் சொல்லியிருக்கிறன். நீயும் அப்பிடியே சொல்லு.

இனிக் கணக்குக்கு வருவம். உன்ர கோலால ஒரு ஆட்டம், உன்ர எஃப்6 ஆல ஒரு ஆட்டம். ரெண்டு புள்ளி நீ எனக்குத் தரவேணும். மார்கழியில மூண்டு கிழமை வந்து நிக்கிறன். அந்தப் பழைய பலகை உன்ர வீட்டு அலுமாரிக்கு மேல கிடக்கும், தேடி எடுத்துத் தூசி தட்டி வை. டப்பியில மருந்து முடிஞ்சிருந்தால் புதுசு ஒண்டு வாங்கு. வெள்ளை எனக்கு. நீ எஃப்6 ஆடு, பாப்பம்.

அன்போட,
உன்ர பழைய லொட்ஜ்காரன்

பி.கு.: நவம்பரில இன்னொரு காங்கிரஸ் இருக்கு, முதல் சுற்று வெள்ளிக்கிழமை இரவு. அண்டைக்கு நித்திரை வராட்டில் மனிசியை எழுப்பிக் கதை.